காசு தராதவரின் வெப்சைட்டை இழுத்து மூடலாமா?

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு வயது 23. அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா பெக்டரியில் வேலை. ஹட்டனில் ஐ.டி. டிப்ளோமா முடித்தவர், கூடப் படித்தவர்கள் எல்லாம் கொழும்புக்கு பஸ் ஏறிய பிறகும் வீட்டிலேயே இருந்து, பக்கத்து டவுன் கடைகளுக்கும் டியூஷன் வகுப்புகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறார், வாட்ஸ்அப்பில் தானாக பதில் போகிற மாதிரி செட் பண்ணிக் கொடுக்கிறார். ஒன்றரை வருடத்தில் ஏழு வேலை. ஆறு பேர் காசு கொடுத்துவிட்டார்கள். கடிதம் ஏழாவது ஆளைப் பற்றியது.

நுவரெலியாவில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவர் அவர். ஜனவரியில் பேசியது 95,000 ரூபாய், அட்வான்ஸ் 30,000. வருகிறவர்கள் ஒரு படிவத்தை நிரப்பினால் அது கூகுள் ஷீட்டில் ஏறும், உரிமையாளரின் போனுக்கு மெசேஜ் போகும், விருந்தாளிக்கு உறுதிப்படுத்தல் போகும், அதுதான் வேலை. நடுவில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும் என்றார். சாப்பாட்டு மெனுவைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய ஒரு பைலாக அனுப்ப, அதை எல்லாக் கருவியிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றி எழுத்துப்பிழை பார்க்கவே இரண்டு இரவு போயிருக்கிறது. மார்ச் கடைசியில் சைட் ஓடத் தொடங்கியது, ஏப்ரல் சீசனுக்கு ரூம் எல்லாம் நிரம்பியது. மீதி 65,000 கேட்டால் முதலில் "சீசன் முடியட்டும்மா, தந்துருவேன்", அப்புறம் "படிச்ச பிள்ளைக்கு ஒரு அனுபவம் கிடைச்சதுதானே", ஜூனுக்குப் பிறகு நீல டிக் மட்டும்.

டொமைனும் (சைட்டின் முகவரி) ஹோஸ்டிங்கும் (சைட்டை வைத்திருக்கும் வாடகை இடம்) இவர் பெயரில், அண்ணனின் கார்டில் வாங்கியது. மாமா மகன் சொல்கிறாராம்: "ஒரே ஒரு பட்டன், சைட்டைத் தூக்கிட்டு 'பில் கட்டாத ஆள்'ன்னு போட்டுவிடு." அப்படிச் செய்யலாமா, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் இல்லை, கொம்பனியும் பதியவில்லை, அப்படியானால் சட்டத்தில் எனக்கு ஒன்றுமே இல்லையா, இந்தத் தொழிலே வேண்டாம் என்று விட்டுவிடவா என்று கேட்டிருக்கிறார். கூடவே ஏகப்பட்ட ஸ்கிரீன்ஷொட்டுகள்.

தங்கச்சி, எல்லாவற்றையும் வாசித்தேன். கோபம் நியாயமானது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சட்டத்தரணியாக ஆரம்பித்த வருடம் ஒரு முதலாளிக்கு மூன்று மாதம் கடுதாசி வேலை பார்த்துக் கொடுத்தேன், கடைசியில் பீஸுக்குப் பதிலாக ஒரு மூட்டை லீக்ஸ் வந்து வாசலில் இறங்கியது. தெரிந்த ஊர், சின்னப் பிள்ளை, கேட்க வெட்கப்படும் என்று எடை போடுகிறவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த 65,000 அல்ல. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஐ.டி. கார்ட், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் என்னோட டிரைவுக்குத்தான் வருது, அதனால அவர் என்னை விட்டுட முடியாது." அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்த டிரைவ்

அதை நீங்கள் ஒரு பிடி என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது உங்கள் தலையில் இருக்கும் பாரமாகத்தான் தெரிகிறது. நுவரெலியாவுக்கு வந்து இரண்டு நாள் தங்கிப்போன யாரோ ஒருவரின் பாஸ்போர்ட் பிரதி, அவர் பெயரே கேள்விப்படாத ஒரு பெண்ணின் சொந்த கூகுள் கணக்கில், அண்ணனும் தம்பியும் பாவிக்கும் லெப்டொப்பில் கிடக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் இலங்கையில் நிறைவேறிவிட்டது. அதன் பகுதிகள் எல்லாம் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை என்பது உண்மைதான், அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அந்தப் படங்களில் ஒன்று வெளியே போனால், யாராவது அதை வைத்து ஒரு சிம் எடுத்தால், கேள்வி முதலில் யாருடைய கணக்கு என்றுதான் வரும்.

அதனால் காசுப் பிரச்சினை எங்கே நின்றாலும் சரி, இந்த வாரமே உரிமையாளரின் பெயரில் ஒரு கூகுள் கணக்கைத் திறக்கச் சொல்லி, படிவமும் ஷீட்டும் போல்டரும் அங்கே போகும்படி மாற்றிவிடுங்கள். ஒப்படைத்த திகதியைப் போட்டு அவருக்கு எழுதி அனுப்பிவிட்டு, உங்களிடம் உள்ள பிரதியை அழித்துவிடுங்கள், டிராஷ் போல்டரையும் சேர்த்துத்தான். பதில் போடாத மனிதர் கணக்குத் திறக்கவும் மாட்டார் என்று சொல்வீர்கள். அப்படியானால் படிவத்தில் படம் ஏற்றும் பகுதியை மட்டும் நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள். முன்பதிவுக்குப் பெயரும் போன் நம்பரும் திகதியும் போதும், ஐ.டி. கார்டை வாசலில் வந்து இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். முதல் நாளே அதைக் கேட்டிருக்கத் தேவையில்லை. அவர் சொன்னார் என்று செய்திருப்பீர்கள், தெரியும்.

மூடலாமா

மாமா மகனின் பட்டனுக்கு வருவோம். உங்கள் ஸ்கிரீன்ஷொட்டுகளைப் பார்த்தால் உங்கள் கையில் இரண்டு விதமான சாவி இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல.

ஒன்று, அவருடையது. அவருடைய ஜிமெயில், அவருடைய வாட்ஸ்அப் பிஸ்னஸ் நம்பர், கெஸ்ட் ஹவுஸின் பேஸ்புக் பக்கம், இவற்றின் பாஸ்வேர்ட் எல்லாம் வேலைக்காக உங்களிடம் தரப்பட்டவை. அதை வைத்து உள்ளே போய் ஒன்றை அழித்தாலோ மாற்றினாலோ, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள். அனுமதியில்லாமல் நுழைவதற்கே ஐந்து வருடம் வரை சிறை என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பாஸ்வேர்ட் தெரியும் என்பது அனுமதி ஆகாது, சுவருக்குப் பெயின்ட் அடிக்க வீட்டுச் சாவியை வாங்கியவர் கூலி வரவில்லை என்று இரவில் வந்து டிவியைத் தூக்கிப்போக முடியாது. இன்றைக்கு நீங்கள் கடன் கொடுத்தவர், அவர் கடன்காரர். அந்தப் பட்டனை அழுத்திய நிமிடத்தில் அவர் முறைப்பாட்டுக்காரர், நீங்கள் சந்தேகநபர். பொலிஸில் போய் நிற்கும்போது 65,000 பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

இரண்டாவது, ஹோஸ்டிங். அது உங்கள் கணக்கு, வருடா வருடம் காசு கட்டுவது நீங்கள். ஒருவருக்காக வாழ்நாள் முழுக்க ஹோஸ்டிங் கட்டிக்கொண்டே இருக்கும்படி சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை இரவில் திடீரென்று இழுத்துவிட்டு, அந்த வாரம் வரவேண்டிய முன்பதிவு எல்லாம் போச்சு, இவ்வளவு நட்டம் என்று அவர் ஒரு கணக்கை நீட்ட இடம் கொடுக்காதீர்கள். "இந்தத் திகதியோடு நான் ஹோஸ்டிங்கைப் புதுப்பிக்கப் போவதில்லை, அதற்கு முன் உங்கள் கணக்குக்கு மாற்ற விரும்பினால் மாற்றித் தருகிறேன்" என்று குறைந்தது முப்பது நாள் முன்னதாக எழுத்தில் கொடுங்கள். டொமைனும் அப்படியே. அந்தப் பெயர் அவருடைய கெஸ்ட் ஹவுஸின் பெயர், உங்கள் பெயரில் பதிவாகி இருப்பதால் மட்டும் அது உங்களுக்குச் சொந்தமான வளவு ஆகிவிடாது. விற்றுவிடுவேன் என்று மிரட்டினால் நியாயம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

'பில் கட்டாத ஆள்' பலகை வேண்டவே வேண்டாம். அவதூறைக் குற்றமாகப் பார்த்த சட்டப் பிரிவுகள் 2002இல் நீக்கப்பட்டன, ஆனால் நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடும் வழி அப்படியே இருக்கிறது. டவுனில் உங்கள் அடுத்த கஸ்டமரும் அந்தப் பலகையைப் பார்ப்பார் என்பதையும் யோசியுங்கள்.

கையெழுத்து இல்லை, எழுத்து இருக்கிறது

"ஒப்பந்தம் இல்லை, அதனால் உரிமை இல்லை" என்பது நீங்கள் மட்டுமல்ல, இந்த மாதிரி வேலை செய்யும் நிறையப் பேர் நம்பும் விஷயம். தவறு. ஜனவரி 14 அன்று நீங்கள் பி.டி.எப். ஆக அனுப்பிய கொட்டேஷன் இருக்கிறது, அதற்குக் கீழே அவர் "ஓகே, செய்ங்க" என்று தட்டியிருக்கிறார், இரண்டு நாள் கழித்து உங்கள் கணக்குக்கு 30,000 வந்திருக்கிறது. இதற்குப் பெயர்தான் ஒப்பந்தம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், ஒரு ஒப்பந்தம் இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதைச் செல்லாது என்று தள்ள முடியாது என்கிறது. காணி உறுதி, மரண சாசனம் மாதிரிச் சிலவற்றுக்கு அது பொருந்தாது, வெப்சைட் வேலைக்குப் பொருந்தும். அந்த அரட்டை முழுவதையும் இன்றைக்கே எக்ஸ்போர்ட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். போன் தேயிலைக் கானுக்குள் விழுந்தால் வழக்கும் கூடவே விழும்.

நீங்கள் கேட்காத இன்னொன்றும் உண்டு. எழுதிய கோட் யாருடையது? புலமைச் சொத்துச் சட்டத்தின்படி (2003, இலக்கம் 36) கணினி நிரலும் பதிப்புரிமைக்குள் வரும், உருவாக்கியவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் அது முதலாளிக்குப் போகும், ஆனால் நீங்கள் அவருடைய ஊழியர் அல்ல. உரிமையை இன்னொருவருக்கு மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். ஆகவே கோட் இன்னும் உங்களுடையது. போட்டோக்களும் லோகோவும் அவருடையவை. இதை மிரட்டலாகப் பாவிக்காதீர்கள், பேச்சுக்கு உட்காரும்போது "காசு வந்ததும் உரிமையையும் எழுதித் தருகிறேன்" என்று சொல்ல உங்களிடம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

காலம்தான் உங்களுக்கு உண்மையான ஆபத்து. "காசு எங்கே போகப்போகிறது, எப்போ வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்" என்று அப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கேட்க முடியாது. கடன்களுக்குக் காலவரையறை வைக்கும் நம் கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டுக்குரியது, இந்த மலைகளில் இன்னும் கோப்பி நின்ற காலம். எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 வருடம், ஆனால் செய்த வேலைக்கான கூலி என்று வந்தால் 1 வருடம்தான். உங்களுடையது எழுத்து ஒப்பந்தம் என்றுதான் நான் வாதாடுவேன். எதிர்ப்பக்கம் இருப்பவர் வெறும் கூலிக் கணக்கு என்பார். அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காமல் இருக்க, வேலையை ஒப்படைத்த மார்ச்சிலிருந்து எண்ணி அடுத்த மார்ச்சுக்குள் காரியத்தை முடியுங்கள்.

எப்படிக் கேட்பது

முதல் படி ஒரு மெசேஜ். கடைசியில் எழுதித் தருகிறேன். அதன் நோக்கம் காசு மட்டுமல்ல, "ஆமாம், தரவேண்டியிருக்கிறது" என்று அவர் கையால் ஒரு வரி வாங்குவது. பதில் வராவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம். சட்டத்தரணியின் தலைப்பில் போனால் ஒரு மரியாதை, நீங்களே தமிழில் எழுதி அனுப்பினாலும் செல்லும். தபால் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் மத்தியஸ்த சபை. இந்தத் தொகைக்கு நேரே நீதிமன்றம் போக முடியாது, முதலில் சபை வழியாகத்தான் போகவேண்டும். பயப்பட அங்கே ஒன்றும் இல்லை. பெரும்பாலும் வார இறுதியில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கும், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் நீங்களும் அவரும் உட்கார்ந்து, ஊரில் பெயருள்ள சிலர் முன்னால் பேசுவீர்கள். செலவு பெயருக்குத்தான். சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேச வரமுடியாது, என் வாயால் சொல்வது கஷ்டமாக இருந்தாலும் உங்களுக்கு அது நல்லது. மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், இணங்க வைக்கப் பார்ப்பார்கள். இணங்கினால் அது எழுத்தாகும். இணங்காவிட்டால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். அந்தக் கட்டத்தில் பீஸுக்கு வழியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகப் பார்ப்பார்கள்.

உண்மையைச் சொன்னால், இப்படிப்பட்ட ஆட்கள் பெரும்பாலும் சபையிலிருந்து அழைப்புக் கடிதம் வந்த அன்றே போன் எடுப்பார்கள். 50,000க்கு முடிக்கலாமா என்பார். அதை ஏற்பதா என்பது உங்கள் முடிவு. நான் என்றால் மூன்று தவணைக்குச் சம்மதிப்பேன், தொகையைக் குறைக்கச் சம்மதிக்க மாட்டேன், பாமினி இரண்டு இரவையும் நீங்கள் பில்லில் சேர்க்கவே இல்லையே.

பதிவும் வரியும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் வியாபாரப் பெயர் பதிவு தேவையில்லை. கொட்டேஷன் உங்கள் பெயரில் போயிருக்கிறது, ஆகவே பதியாததால் காசு கேட்க முடியாது என்ற பயம் வேண்டாம். ஆனால் பேஸ்புக்கில் புதிதாக ஒரு 'ஸ்டூடியோ' பெயர் வைத்திருக்கிறீர்கள் இல்லையா, அந்தப் பெயரில் பில் போடப்போகிறீர்கள் என்றால் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். இடத்துக்கான ஆவணம் கேட்பார்கள், லயத்தில் இருப்பவர்களுக்கு அங்கேதான் சிக்கும், முதலில் கிராம சேவகரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனால் ஒரு அலைச்சல் மிச்சம். விண்ணப்பத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கொம்பனி இப்போது வேண்டாம், செயலாளர், வருடாந்த அறிக்கை என்று செலவு ஏறும்.

வரி விஷயத்தில், 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கு வருடம் 18 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை. நீங்கள் எழுதிய கணக்குப்படி அதில் மூன்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆனால் டின் நம்பர், அதாவது வரி அடையாள இலக்கம், எடுத்துவிடுங்கள், 18 வயது தாண்டியவர்கள் எடுக்கவேண்டும் என்று விதி, காசு செலவில்லை. வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதுங்கள், ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிற மாதிரி.

அடுத்த வேலைக்கு

தொழிலை விட வேண்டாம். ஏழில் ஆறு பேர் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்கள், என் அலுவலகத்தில் அந்தக் கணக்கு வந்தால் வெடி கொளுத்துவேன்.

மாற்ற வேண்டியது ஒப்படைக்கிற முறையை. சைட்டை உங்களுடைய ஒரு டெஸ்ட் முகவரியில் கட்டுங்கள், கஸ்டமரிடம் அங்கேயே காட்டுங்கள், மீதிக் காசு வந்த பிறகு அவருடைய டொமைனுக்கு ஏற்றுங்கள். மாமா மகனின் பட்டன் செய்கிற வேலையை இது எந்தக் குற்றமும் இல்லாமல் செய்கிறது. பாதி அட்வான்ஸ், டெமோ காட்டியதும் கால், ஏற்றுவதற்கு முன் கால். டொமைனும் ஹோஸ்டிங்கும் முதல் நாளே அவர் பெயரில், அவர் காசில். அண்ணனின் கார்டு இனி வெளியே வரக்கூடாது.

ஒரு பக்கத் தாள் போதும், தமிழிலேயே எழுதுங்கள்: எத்தனை பக்கம், எத்தனை மொழி, மொழிபெயர்ப்பு யார் தருவது, எழுத்து யூனிகோடில் வரவேண்டும் இல்லாவிட்டால் மாற்றக் கூலி, திருத்தம் இரண்டு தடவை, அதற்கு மேல் தனிக் காசு. ஒட்டோமேஷனுக்கு இன்னொரு வரி கட்டாயம். நீங்கள் பாவித்திருப்பது வாட்ஸ்அப் வெப் மாதிரி நம்பரை இணைத்து ஓட்டுகிற, அதிகாரபூர்வமற்ற ஒரு கருவி. அதற்காக நம்பரைத் தடை செய்ய வாட்ஸ்அப்புக்கு இடம் இருக்கிறது, ஏப்ரல் நடுவில் கெஸ்ட் ஹவுஸ் நம்பர் செத்துப்போனால் பழி யார்மேல் விழும் என்று சொல்லத் தேவையில்லை. சின்னக் கடைகளுக்கு வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியிலேயே இலவசமாக வரும் தானியங்கிப் பதிலும் கெட்டலொக்கும் போதும். அதைச் செட் பண்ணிக் கொடுப்பதற்கும் காசு கேட்கலாம், வெட்கப்படாதீர்கள். பராமரிப்புக்கு மாதக் கட்டணம் ஒன்றைத் தாளில் போடுங்கள், இல்லாவிட்டால் "இந்தப் போட்டோவை மட்டும் மாத்திவிடும்மா" என்று வருடம் முழுக்க வரும்.

சரி, மெசேஜ். நீங்கள் அனுப்பிய எல்லா மெசேஜும் "கோவிச்சுக்காதீங்க அண்ணா, முடிஞ்சா" என்றுதான் தொடங்குகிறது, எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. இந்த முறை இதை அனுப்புங்கள்:

"வணக்கம் அண்ணா. ஜனவரியில் அனுப்பிய கொட்டேஷன்படி உங்கள் வெப்சைட் வேலை மார்ச்சில் முடிந்து, அதிலிருந்து பாவனையில் இருக்கிறது. மொத்தம் 95,000 ரூபாய், தந்தது 30,000, மீதி 65,000. ஒரேயடியாகத் தர முடியாவிட்டால் மூன்று தவணையில் தரலாம். எந்தத் திகதியில் எவ்வளவு என்று இந்த மாதம் ......ஆம் திகதிக்குள் எழுதி அனுப்புங்கள்."

திகதியை நிரப்பிக்கொள்ளுங்கள். கடைசியில் அந்தக் கைகூப்பும் படத்தைப் போட்டுவிடாதீர்கள்.